பிரெஞ்சு மொழியில் இனிப்புச் சொற்கள்

பிரெஞ்சியர் சர்க்கரையைச் 'சுக்ர்' என்பர். ஒலியொப்புமை கண்டு, தமிழ்ச் 'சர்க்கரை'யே அங்குச் சென்றது என நாம் துணிதல் தகாது. வடமொழிச் 'சர்க்கரா' பாரசீகத்தில் 'ஷகர்' ஆகி, அரபியில் 'சுக்கர்' என நின்று, இத்தாலியர் நாவில் 'சுக்கெரோ' எனத் திரிந்த பின்னரே பிரான்சை அடைந்தது. நம் சொல்லும் அவ்வடசொல்லின் வழியதே. ஆகவே இவ்விரண்டும் தாயும் மகளுமல்ல. ஒரு வயிற்றுப் பிறந்தவை.

அரபியின் கொடை இதனோடு நிற்கவில்லை. பருகுதலைக் குறிக்கும் 'ஷ-ர-ப' என்னும் அரபி வேரினின்று கிளைத்தவை, பாகைக் குறிக்கும் 'சிரோ'வும், உறைந்த பழச்சாற்றைக் குறிக்கும் 'சொர்பே'யும். கோடையில் நாம் பருகும் சர்பத்தும் அவ்வேரினதே!

'ஷொகொலா' மட்டும் வேற்றுத் திசையினது. மெக்சிகோவின் நகுவாத்தல் மொழியினின்று ஸ்பானியர் வாயிலாக வந்தது.

மிட்டாய்க்குப் 'பொன்பொன்' என்று பெயர். 'பொன்' எனின் அம்மொழியில் 'நல்லது'. மழலையர் வாயில் இரட்டித்துப் பெயராயிற்று. பிரித்தாலும் பொருள் தருதலின் இஃது இரட்டைக்கிளவியன்று என்பதை மாணவர் நோக்குவாராக.

சர்க்கரைப் பாகில் புரட்டிய வாதுமை 'ப்ராலின்' எனப்படும். 17ஆம் நூற்றாண்டுப் படைத்தலைவர் ப்ளெசி-ப்ராலேன் என்பாரின் பெயரால் அமைந்தது இது. முதலிற் செய்தவர் அவர்தம் சமையற்காரரே என்பர். பண்டத்திற்கு வாய்த்ததோ தலைவரின் பெயர்!