உடைந்த கலமும் ஒட்டும் முறையும்

உடைந்த பாண்டம் வீட்டில் இருத்தல் ஆகாது என்பது நம் பாட்டிமார் கண்ட வழக்கம். விளிம்பு போன ஜாடியும் கீறல் விழுந்த கண்ணாடியும் மறுநாளே குப்பைமேடு ஏறிவிடும். இன்றோ அதே பொருள்களை நாம் விலை கொடுத்து வாங்குகிறோம். ஞாயிறுதோறும் பெங்களூர்ச் சிக்பேட்டைப் பக்கம் கூடும் பழம்பொருட் சந்தையில் கோலி சோடாப் புட்டியும், மைப்புட்டியும், ஊறுகாய் ஜாடியும் நம் மாணவர் கண்களைக் கவர்கின்றன. வாங்கியவற்றுள் பாதி உடைசல். "வேதியியல் படிக்கிறவன்தானே, இதை ஒட்டிக் கொடு" என்று நண்பர்கள் என் அறைக்கு வருவது வாடிக்கையாகிவிட்டது. ஒவ்வொருவருக்கும் தனித்தனியே சொல்லி வந்ததை இங்கே ஒருசேரச் சொல்ல விரும்புகிறேன்.

முதற் கேள்வி

பசையைக் கையில் எடுக்குமுன் ஒரு கேள்வி கேட்டாக வேண்டும். இப்பொருள் நம்மிடம் வருவதற்கு முன் எங்கே இருந்தது? கடையில் இருந்ததா, மண்ணுக்குள் இருந்ததா? கடைச் சரக்காயின் அதன் பிறப்பிடம் ஏற்கெனவே மறைந்துவிட்டது. அதை ஒட்டலாம், வேறு பயனுக்கும் ஆக்கலாம். மண்ணிலிருந்து வந்ததாயின் அது சொல்ல வேண்டிய செய்தி இன்னும் அதனிடமே இருக்கிறது. அதனை முதலில் படிக்க வேண்டும், ஒட்டுவது பிறகு.

சென்ற விடுமுறை முடிந்து திரும்பிய நண்பர் ஒருவர், தம் ஊரில் வீட்டுக்குக் கடைக்கால் தோண்டுகையில் கிடைத்த பானை ஓடுகளை ஒரு பை நிறையக் கொண்டுவந்தார். "பேனாக் கூடு ஒன்று செய்து தாடா, பேராசிரியருக்குப் பரிசளிக்க வேண்டும்" என்றார். ஓடுகளைப் பரப்பிப் பார்த்தோம். சில உள்ளே கறுப்பும் வெளியே சிவப்புமாக இருந்தன. களிமண்ணிலுள்ள இரும்பு, காற்றுப்பட வெந்தால் சிவக்கும்; காற்றுப் புகாமல் வெந்தால் கறுக்கும். ஒரே கலத்தில் இரு நிறமும் வருமாறு சுடுவது நம் நாட்டுப் பழங்குயவர் அறிந்த கலை. ஓர் ஓட்டின் தோளில் கூரிய முனையால் கீறிய குறி ஒன்றும் இருந்தது. பேனாக் கூடு அத்துடன் நின்றது.

ஏன் நிறுத்த வேண்டும்? கீழடியை எண்ணிப் பாருங்கள். அங்கு 2014-ஆம் ஆண்டு முதல் நடந்த அகழாய்வுகளில் கிடைத்தவற்றுள் பெரும்பாலானவை உடைந்த ஓடுகளே. அவற்றுள் 56 ஓடுகளில் தமிழி எழுத்துப் பொறிப்பு உண்டு எனத் தமிழ்நாடு தொல்லியல் துறையின் 2019-ஆம் ஆண்டு நூல் அறிவித்தது. முழுப் பானை ஒன்று தராத செய்தியை உள்ளங்கையளவு ஓடு தந்தது. அது கிடைத்த குழியும் ஆழமும் குறிக்கப்பட்டிருந்தமையால் அன்றோ அதற்கு அவ்வளவு மதிப்பு? இடம் தெரியாத ஓடு, முகவரி கிழிந்த கடிதத்தை ஒக்கும்.

உடைந்ததை வேறு பயனுக்கு ஆக்குவதும் நமக்குப் புதிதன்று. பானை ஓட்டை வட்டமாகத் தேய்த்துச் செய்த சில்லுகள் கீழடியில் பல கிடைத்தன. நம் தங்கைமார் பாண்டி ஆடும் அதே சில்லுதான்! உடைந்த பானை விளையாட்டுப் பொருளாயிற்று. அந்தச் சில்லே இன்று வரலாற்றுச் சான்றுமாயிற்று.

மீண்டும் பிரிக்கும்படி ஒட்டுக

இனி ஒட்டும் முறைக்கு வருவோம். இதன் தலையாய விதி, நாம் ஒட்டியதை நாளை ஒருவர் பிரிக்க முடிய வேண்டும் என்பது. லண்டன் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்திலுள்ள போர்ட்லண்டு குவளை என்னும் உரோமானியக் கண்ணாடிக் கலத்தின் கதை இதற்குச் சான்று. 1845 பிப்ரவரி 7-ஆம் நாள் அதை ஒருவன் நொறுக்கினான். ஜான் டபுள்டே என்பார் அவ்வாண்டிலேயே விலங்குப் பசை கொண்டு ஒட்டினார். ஆயினும் 37 சிறு துண்டுகள் இடம் அறியாமல் மிஞ்சின. 1948-இல் அதைப் பிரித்து மறுபடி ஒட்டினர். அந்தப் பசையும் நாளடைவில் மஞ்சளித்து வலுவிழக்க, 1980-களின் இறுதியில் மூன்றாம் முறையாகப் பிரித்து ஒட்டினர். முதலிரு பசைகளும் கழற்ற முடியாதனவாக இருந்திருப்பின் அக்குவளையின் கதி என்ன?

இவ்விதியை வைத்து நம் கடைத்தெருப் பசைகளை எடைபோடுவோம். இருகுழாய் எபாக்சிப் பசை மிக வலியது. ஆனால் இறுகியபின் எளிதில் கரையாது. வெயில் ஒளியில் மஞ்சளிக்கும். நொடியில் ஒட்டும் சயனோஅக்ரிலேட்டுப் பசையோ, துண்டு ஒரு மயிரிழை விலகினாலும் திருத்த அவகாசம் தராது. வெள்ளைப் பசை, ஈரம் பட்டால் இளகும். பசைக்கு வலிமை மிகுதியாக இருப்பது நன்மை எனப் பலர் எண்ணுகின்றனர். பழம்பானைக்கு அது தீங்கு. பசை ஓட்டைவிட வலிதாயின், அடுத்த அடி விழும்போது மூட்டு நிற்கும், ஓடு புதிதாய் உடையும்.

அருங்காட்சியகத்தார் பெரிதும் கையாள்வது பேரலாய்டு பி-72 என்னும் அக்ரிலிக் பிசின். 30 கிராம் மணிகளை மெல்லிய துணியில் முடிந்து, 30 கிராம் அசிட்டோனில் ஓரிரவு தொங்கவிட்டால் தேன் போன்ற பசை கிடைக்கும். பிரிக்க வேண்டின் அசிட்டோன் தடவினால் போதும். அசிட்டோன் எளிதில் தீப்பற்றும். ஆதலால் அடுப்பும் ஊதுவத்தியும் இல்லாத, காற்றோட்டமான இடத்தில் செய்க. மற்றொன்று: இப்பிசின் 40 பாகை செல்சியசை ஒட்டி இளகத் தொடங்கும். பெங்களூர் அறையில் இது இடர் செய்யாது. அதே ஜாடியைக் கத்திரி வெயிலில் வேலூர் வீட்டு ஜன்னலில் வைத்தால் மூட்டு நழுவும். ஊருக்கு எடுத்துச் செல்வோர் நினைவில் கொள்க.

மட்கலம்

ஒட்டுமுன் கலத்தின் மூலையில் ஒரு சொட்டு நீர் விட்டுப் பாருங்கள். மண் கரைந்தால் அது சரியாக வேகாதது, கழுவலாகாது. நன்கு வெந்ததாயின் மென்தூரிகையால் உடைந்த ஓரங்களைத் துலக்குக. மண்ணில் கிடைத்த கலத்தின் உட்புறத்தைச் சுரண்டாதீர்கள். அங்கே ஒட்டியிருக்கும் கரியும் பிசுக்கும் பழங்காலத்துச் சமையலைப் பற்றிச் செய்தி சொல்லக்கூடும்.

நெடுநாள் மண்ணில் கிடந்த பானை உப்பை உறிஞ்சியிருக்கும். உலரும்போது அவ்வுப்பு நுண்துளைகளில் படிகமாகிப் பரப்பைப் பொரித்து உதிர்க்கும். ஆதலால் வாலைநீரில் ஊறவைத்து நாள்தோறும் நீரை மாற்ற வேண்டும். ஊறிய நீரில் சிறிது நைட்ரிக் அமிலமும் ஒரு சொட்டு வெள்ளி நைட்ரேட்டும் விட்டுப் பார்க்க. வெண்மை திரண்டால் குளோரைடு இன்னும் வெளிவருகிறது என்பது பொருள். முதலாண்டு ஆய்வகப் பாடம் எவ்வளவு பயன்படுகிறது பாருங்கள்!

நன்கு உலர்ந்தபின், பசையின்றியே எல்லாத் துண்டுகளையும் ஒருமுறை பொருத்திப் பார்த்து வரிசையைக் குறித்துக்கொள்க. அடியிலிருந்து மேலாக வருக. வரிசை தவறினால் கடைசித் துண்டுக்கு இடம் வாயாது. ஒட்டிய துண்டை மணல் நிரப்பிய தட்டில் சாயாமல் நட்டு வைத்தால் அதன் எடையே மூட்டை அழுத்தும். இல்லாத பகுதியைச் சுண்ணச்சாந்தால் நிரப்பலாம். நிறம் மட்டும் சற்று வேறாக இருக்கட்டும். எது பழையது, எது நாம் வைத்தது என்று காண்பவர்க்குத் தெரிவதே நேர்மை.

கண்ணாடி

பழம்புட்டியின் மேல் மயில் கழுத்துப் போன்ற வானவில் நிறம் காண்கிறோம். அது அழுக்கன்று. மண்ணின் ஈரம் கண்ணாடியிலுள்ள சோடியத்தைக் கரைத்தெடுக்க, எஞ்சிய சிலிக்கா மெல்லிய அடுக்குகளாக நிற்கிறது. அவ்வடுக்குகளில் பட்டுத் திரும்பும் ஒளியலைகள் ஒன்றோடொன்று குறுக்கிடுவதே அந்நிறம். தேய்த்தால் புட்டியின் தோலே உரியும்.

கண்ணாடியில் கீறல் தெரிவது அதனுள் காற்று இருப்பதால். கண்ணாடியின் ஒளிவிலகல் எண் ஏறத்தாழ 1.5, முன்சொன்ன பிசினின் எண் 1.49. காற்றிருந்த இடத்தில் பிசின் புகுந்தால் ஒளி திரும்பாமல் செல்லும், கீறல் பெரிதும் மறையும்.

கோலி சோடாப் புட்டி, ஹைரம் காட் என்னும் ஆங்கிலேயர் 1870-களில் காப்புரிமை பெற்ற அமைப்பு. உள்ளிருக்கும் வாயுவின் அழுத்தமே கோலியைக் கழுத்து வளையத்தோடு இறுக்கி அடைக்கிறது. ஆகவே விளிம்பு சிதைந்த புட்டியிலோ ஒட்டிய புட்டியிலோ மீண்டும் சோடா அடைத்தல் கூடவே கூடாது. வெடித்தால் கண் போகும். உள்ளே சிறு எல்.இ.டி. விளக்குச் சரம் இட்டு மேசையில் வைக்கலாம். ஒற்றை மலர் செருகலாம்.

ஒட்டிய எந்தக் கலத்திலும் உண்ணுவதும் பருகுவதும் வேண்டா. பழைய மெருகுகளில் ஈயம் கலந்திருக்கலாம்; புளியும் ஊறுகாயும் அதைக் கரைத்தெடுக்கும். அடி ஓட்டையான ஜாடியில் துளசி வைத்தால் அந்த ஓட்டையே வடிகாலாகும். தண்ணீர் குடிக்கப் பானை வேண்டுவோர் பென்சன் டவுனை அடுத்த பாட்டரி டவுனுக்குச் சென்று குயவரிடம் புதுப்பானை வாங்குக. பானைக்குப் பானையும் ஆயிற்று, ஒரு தொழிலுக்குத் துணையும் ஆயிற்று.

சட்டமும் கடமையும்

1878-ஆம் ஆண்டுப் புதையல் சட்டப்படி, மண்ணில் மறைந்து கிடந்து பத்து ரூபாய் மதிப்புக்கு மேற்பட்டதாய்க் கிடைப்பதை மாவட்ட ஆட்சியருக்கு அறிவித்தல் வேண்டும். 1972-ஆம் ஆண்டுத் தொல்பொருட் சட்டம், நூறாண்டுக்குக் குறையாத கலைப்பொருள்களையும் கைவினைப் பொருள்களையும் தொல்பொருள் என்கிறது; அவற்றைத் தனியார் வெளிநாட்டுக்கு எடுத்துச் செல்லத் தடையும் விதிக்கிறது. மேற்படிப்புக்குக் கடல் கடக்கும் நண்பர்கள், நினைவுப் பொருளென்று பழங்கலத்தைப் பெட்டியில் வைக்குமுன் இதனை எண்ணுக.

அந்த நண்பரின் ஓடுகளை நாங்கள் ஒட்டவில்லை. ஒவ்வொன்றையும் அளவுகோலுடன் படமெடுத்தோம். ஊர், தெரு, தோண்டிய ஆழம், நாள் ஆகியவற்றைச் சீட்டில் எழுதிப் பையுள் இட்டோம். அவர் தந்தையார் அவற்றை வட்டாட்சியர் அலுவலகத்தில் ஒப்படைத்தார். பேராசிரியருக்குப் பேனாக் கூடு கிடைத்தது. சந்தையில் வாங்கிய, விளிம்பு உடைந்த மைப்புட்டி அது.

நம்மில் பலர் ஏரியும் வயலும் சூழ்ந்த ஊர்களிலிருந்து வந்தவர்கள். அடுத்த விடுமுறையில் கடைக்காலிலோ கண்மாய்க் கரையிலோ ஓர் ஓடு கண்ணில் பட்டால், பசையைத் தேடுமுன் பென்சிலைத் தேடுங்கள். உடைந்த கலத்தை எப்போது வேண்டுமானாலும் ஒட்டிக்கொள்ளலாம்; அது கிடந்த இடத்தை மறந்துவிட்டால் மீட்க வழியில்லை.