பழைய துவக்குக்குப் புதுப் பிடி

பலாங்கொடை

அன்பு மருமகனுக்கு,

நீ அனுப்பிய படங்கள் கிடைத்தன. டெக்சஸில் கைத்துவக்கு ஒன்று வாங்கிவிட்டேன் என்று வாசித்ததும் எனக்குத் திக்கென்றுதான் இருந்தது. அப்புறம் அதோடு வந்த உறுப்புப் படத்தை விரித்துப் பார்த்தேன். ஆயுள் முழுக்கத் தேயிலை ஸ்டோரில் பிட்டராக இருந்தவன் கையில் ஒரு யந்திரத்தைப் பிரித்துப் போட்ட படத்தைக் கொடுத்தால் பயம் எங்கே நிற்கும்? சோறு ஆறிப்போனதுகூடத் தெரியாமல் பார்த்துக்கொண்டிருந்தேன் என்று உன் மாமி இன்னும் முணுமுணுக்கிறாள். உன் அம்மாவிடம் நான் சொல்லவில்லை. அதை நீயே சொல். வேறு யார் வாயாலும் அவளுக்குத் தெரிய வரக்கூடாது.

நீ வாங்கியது மட்டமான சாமானோ என்ற கவலை உன் கடிதத்தில் தெரிகிறது. ரேஞ்சில் பக்கத்தில் நின்றவர்கள் ஆளுக்கு ஆயிரம், ஆயிரத்தைந்நூறு டொலர் சாமானை வைத்துக்கொண்டு உன் இருநூறு டொலர் ஸ்டார் கைத்துவக்கைப் பார்த்துச் சிரித்தார்கள் என்று எழுதியிருக்கிறாய். சிரிக்கட்டும். உன் ஸ்டார் பிறந்த இடம் ஸ்பெயினின் பாஸ்க் நாட்டில் எய்பார் என்று ஒரு மலையூர். பல நூறு வருஷமாக அந்த ஊருக்குத் துவக்கு செய்வதே பிழைப்பாக இருந்தது. அந்த ஊர்த் துவக்குகளுக்குக் கெட்ட பெயர் வந்தது முதலாம் உலகப் போரில். 1915இல் பிரெஞ்சு இராணுவம் ரூபி என்ற சின்னக் கைத்துவக்கை மாதம் 10,000 என்ற கணக்கில் கேட்டது. ஓர்டர் எடுத்த கபிலோண்டோ கம்பனியால் தனியாகச் சமாளிக்க முடியவில்லை. அக்கம்பக்கத்துப் பட்டறைகளுக்கெல்லாம் வேலையைப் பங்கு போட்டுக் கொடுத்தார்கள். ஒரு பட்டறையின் மகசின் இன்னொரு பட்டறையின் துவக்குக்குள் போகவில்லை. அவசரத்தில் செய்தால் எந்த ஊரில்தான் அளவு நிற்கும்? பெயர் கெட்டது கெட்டதுதான்.

உன்னுடையது அந்த ரகமில்லை. ஸ்பானிய உள்நாட்டுப் போருக்குப் பிறகு அங்கே கைத்துவக்கு செய்ய மூன்றே கம்பனிகளுக்குத்தான் அனுமதி இருந்தது: ஸ்டார், அஸ்ட்ரா, லாமா. உன் ஸ்டார் பி.எம். 1972 முதல் 1992 வரை செய்தது. ஸ்பெயினின் சிவில் காவற்படைக்காரர்கள் இடுப்பில் கட்டிக்கொண்டு திரிந்தது. உன் படத்தில் பார்த்தேன், குழல் வாயின் ஓரத்திலும் ஸ்லைடின் விளிம்பிலும் கறுப்பு போய் வெள்ளை தெரிகிறது. அது தோலுறையில் போட்டுப் போட்டு எடுத்த தேய்மானம். உள்ளே குழலின் மேற்புறத்தில், ஸ்லைடோடு பூட்டிக்கொள்கிற மேடுகளின் மூலை மழுங்காமல் கூராகவே இருக்கிறது. ஆயிரக்கணக்கில் சுட்ட சாமானில் அந்த மூலை உருண்டு போயிருக்கும். ஆக, இதை நிறையச் சுமந்திருக்கிறார்கள், கொஞ்சமாகத்தான் சுட்டிருக்கிறார்கள். சட்டகத்தில் எய்பார் துவக்குச் சோதனைச்சாலையின் முத்திரை இருக்கும், பூதக்கண்ணாடி வைத்துப் பார். 1927 முதல் அவர்கள் வருஷத்துக்கு ஒரு குறியெழுத்து போடுகிறார்கள். அந்த எழுத்தைப் பார்த்தால் உன் துவக்கின் வயது தெரியும். உன்னைவிட அதற்கு வயது கூட என்று நினைக்கிறேன்.

இன்னொரு விஷயம். அஸ்ட்ரா பேக்டரி இருந்த ஊர் குவெர்னிகா. 1937 ஏப்ரல் 26ஆம் தேதி ஜெர்மன், இத்தாலிய விமானங்கள் அந்த ஊரைக் குண்டு போட்டு எரித்தன. பிக்காசோ படம் வரைந்தது அந்த அழிவைத்தான். ஊர் சாம்பலானது, துவக்கு பேக்டரி தப்பித்து நின்றது. இதை வாசித்தபோது எனக்கு 1981 ஆகஸ்ட் கலவரம்தான் நினைவுக்கு வந்தது. நம் இரத்தினபுரிப் பக்கத் தோட்டங்களில் அப்போது எரிந்தவை லயங்கள். எங்கள் ஸ்டோரின் மேல் ஒரு கல்கூட விழவில்லை. உன் அம்மாவுக்குத் துவக்கு என்ற சொல்லே ஏன் ஆகாது என்று நீ சின்ன வயதில் கேட்பாய். இப்போதாவது யோசித்துப் பார்.

சரி, வேலைக்கு வருகிறேன். நீ நாலு காரியம் கேட்டிருந்தாய். பிடிக்கு இங்கிருந்து மரம், விசையை அரம் போட்டு இளக்குவது, மேலே நிக்கல் பூச்சு, ஸ்லைடை வெட்டிப் புதுமாதிரிக் குறிக்கண்ணாடி. முதலாவதற்கு மட்டும் சரி என்கிறேன், அதுவும் அங்கத்து மரத்தில்.

எங்கள் ஸ்டோரில் பெல்பாஸ்டில் செய்த சிரோக்கோ அடுப்பும் கெயின்ஸ்பரோவில் செய்த ரோலரும் வெள்ளைக்காரன் காலத்திலிருந்து ஓடின. எப்படி ஓடின? புஷ், பெல்ட், ஸ்பிரிங், பேரிங் எல்லாம் மாற்றினோம். வார்ப்பில் மட்டும் யாரையும் கைவைக்க விட்டதில்லை. தேய்வதற்கென்றே செய்த உறுப்பு தேயும், அதை மாற்றலாம். வார்ப்பைத் துளைத்தால் திரும்பக் கிடைக்காது. உன் ஸ்டாருக்கும் அதே கணக்குத்தான். கம்பனி 1997இல் மூடிவிட்டது. இனி உறுப்பு வேண்டுமென்றால் உடைந்த இன்னொரு ஸ்டாரிலிருந்து கழற்றியதுதான். பார்வைக்கு அமெரிக்கக் கோல்ட் 1911 மாதிரி இருக்கிறதே என்று அதன் உறுப்பை வாங்கிவிடாதே, பொருந்தாது. பின்பிடியில் அழுத்துகிற பூட்டு இதில் கிடையாது, விசையும் வேறு மாதிரி. பிடிப்பலகைகூட உட்காராது. ஆகவே நாளைக்குப் பழையபடி ஆக்க முடியாத எதையும் இதில் செய்யாதே. ஸ்லைடை வெட்டுகிற பேச்சை இத்தோடு விடு. முன்குறி கண்ணுக்குச் சரியாகத் தெரியவில்லை என்றால் அதன் முகத்தில் வெள்ளை நகப்பூச்சு ஒரு பொட்டு வை, காய்ந்ததும் அதன் மேல் செம்மஞ்சள். பிடிக்காவிட்டால் சுரண்டி எடுத்துவிடலாம். நிக்கல் வேண்டாம் என்பது என் ரசனை. உன் துவக்கு, உன் காசு. ஆனாலும் அந்தத் தேய்மானம் உண்மையான தேய்மானம், அதை மூடுவானேன்?

விசை விஷயத்தில் நான் கெஞ்சவில்லை, கட்டளையாகவே சொல்கிறேன். சுத்தியலைப் பிடித்து நிறுத்துகிற கொக்கியின் முனை மயிரிழை அளவு. மேல்தோல் மட்டும்தான் கடினம். நீ மினுக்குகிறேன் என்று ராவினால் அந்தத் தோல் போய்விடும். முதல் நாள் விசை வெண்ணெய் மாதிரி இருக்கும். கொஞ்ச நாளில் நீ அழுத்தாமலே சுத்தியல் விழும், அல்லது ஒரு அழுத்துக்கு இரண்டு தோட்டா போகும். நாற்பது வருஷம் அரம் பிடித்த நானே அதைத் தொடமாட்டேன். விசை பாரமாக இருந்தால் உரிமம் உள்ள துவக்குப் பட்டறைக்காரரிடம் கொடு. மகசினைக் கழற்றினால் சுட முடியாதபடி ஒரு தடை இருக்கிறதே, அதை எடுத்துவிட்டால் விசை மிருதுவாகும் என்று பலர் சொல்வார்கள். எடுக்காதே. அது உனக்காக வைத்ததில்லை, உன் வீட்டுக்கு வருகிற பிள்ளைகளுக்காக வைத்தது.

ஸ்பிரிங்குகளை மட்டும் முதல் வேலையாக மாற்று. பழைய ஸ்பிரிங்கையும் புதியதையும் மேசையில் பக்கம் பக்கமாக நிற்க வைத்தாலே எது களைத்தது என்று தெரிந்துவிடும். பின்னுதைப்பைத் தாங்குகிற பெரிய ஸ்பிரிங் களைத்துவிட்டால் ஒவ்வொரு வெடிக்கும் ஸ்லைடு சட்டகத்தில் போய் அடிக்கும். அது சம்மட்டி அடி. மகசின் ஸ்பிரிங்கும் அப்படித்தான். ஒவ்வொரு மகசினின் அடியிலும் 1, 2 என்று குறி போட்டு வை. தோட்டா சிக்கும்போது எந்த இலக்கத்தில் சிக்கியது என்று எழுதிவைத்தால், குற்றவாளி துவக்கா மகசினா என்று இரண்டு வாரத்தில் பிடித்துவிடலாம். சாதாரண 9 மில்லிமீட்டர் தோட்டாவே போதும், கூடுதல் அழுத்தத் தோட்டா வேண்டாம். வீட்டில் வெறும் துவக்கை டக் டக்கென்று அழுத்திப் பழகாதே, அடிமுள் உடைந்தால் எங்கே தேடுவாய்? பொய்த்தோட்டா விற்கிறார்கள், வாங்கிப் போட்டுப் பழகு.

இனிப் பிடி. கருங்காலி கேட்டிருந்தாய். அந்த எண்ணத்தை விடு. இங்கே அந்த மரத்தில் கை வைக்கவே முடியாது, அனுமதியில்லாமல் வெளிநாட்டுக்கு மரத்துண்டு அனுப்பவும் கூடாது. கித்துள் வைரம் அழகுதான், கறுப்பும் வெள்ளையுமாக நார் ஓடும். ஆனால் எங்கள் மழையில் வளர்ந்த மரம் உன் டெக்சஸ் வெயிலில் சுருங்கிக் கோணும். அங்கே நன்றாகக் காய்ந்த வால்நட் வாங்கு. பழைய பிடிப்பலகையை மரத்தின் மேல் வைத்துக் கூரான பென்சிலால் கோடு போடு, கோட்டுக்கு வெளியே அறு. முதலில் முதுகைத் தட்டையாக்கு. ஜன்னல் கண்ணாடித் துண்டின் மேல் மணல்தாளை விரித்து, மரத்தை எட்டு வடிவத்தில் தேய். பிறகு சட்டகம் படுகிற இடத்தில் விளக்குக் கரியை மெல்லியதாகப் பூசி, பலகையை வைத்து அழுத்தி எடு. கரி ஒட்டிய இடம் மேடு. அதை மட்டும் சுரண்டு, திரும்ப வை, திரும்பச் சுரண்டு. பேரிங்குக்கு நாங்கள் நீலம் பூசிப் பார்ப்பதும் இதே வேலைதான். கரி எல்லா இடத்திலும் ஒரே சீராக ஒட்டும்வரை திருகாணியைத் தொடாதே. பொருத்தியதும் பூட்டும் விசையும் மகசின் பொத்தானும் எங்காவது மரத்தில் உரசுகிறதா என்று பார். அதற்குப் பிறகுதான் வெளிவடிவம். உன் உள்ளங்கை பெரியது, உன் அப்பாவின் கை. கட்டைவிரலுக்குக் கீழே கொஞ்சம் தடிப்பு விடு. மண்டையோடு, பாம்பு என்று எதையும் செதுக்காதே. பழைய பலகைகளை எண்ணெய்த் துணியில் சுற்றிப் பெட்டியில் பத்திரமாக வை.

ரேஞ்சில் அவசரப்படாதே. சாமானைவிடத் தோட்டாவுக்குத்தான் காசு போகும், அது உனக்கே இப்போது தெரிந்திருக்கும். மகசினில் எட்டுப் போகுமென்றால் எட்டையும் அடைக்க வேண்டியதில்லை, ஒன்றைப் போட்டு ஒன்றைச் சுடு. கண்ணுக்கும் காதுக்கும் காப்பு இல்லாமல் உள்ளே போகாதே. சுட்ட கையோடு சாப்பிடாதே, ஈயம் இருக்கும், சவர்க்காரம் போட்டுக் கழுவு. குழல்வாய் இலக்கைத் தவிர வேறு பக்கம் திரும்பக் கூடாது. காலி என்று யார் சொன்னாலும், நீயே சொன்னாலும், திறந்து பார்க்காமல் நம்பாதே. நம் நாட்டுப் பிள்ளை தெஹானி எகொடவெல டோக்கியோ ஒலிம்பிக்கில் 10 மீட்டர் காற்றுத் துப்பாக்கிப் போட்டியில் நின்றதை டி.வி.யில் பார்த்தேன். ஒரு சூட்டுக்கும் அடுத்த சூட்டுக்கும் நடுவில் அவர்கள் நிற்கிற நிலையைப் பார்த்துப் படி. சுடுகிற நேரம் கொஞ்சம், நிற்கிற நேரம்தான் அதிகம்.

இங்கே துவக்கு என்றால் என்ன என்று உனக்குத் தெரியும். துரை பங்களா அலமாரியில் வருஷா வருஷம் லைசன்ஸ் புதுப்பிக்கிற ஒரு சொட்கன். அதைவிட்டால் பன்றிக்கு வைக்கிற கட்டுத்துவக்கு. ஒரு இரும்புக் குழாய், கொஞ்சம் மருந்து, பாதைக்குக் குறுக்கே ஒரு கம்பி. பன்றியின் விலாவுக்கு வைத்த குறி மனிதனுக்கு முழங்கால். பக்கத்துத் தோட்டத்துக் கங்காணி ஒருவர் இன்றைக்கும் ஊன்றுகோலோடு நடக்கிறார். 1916ஆம் வருஷத்துத் துவக்குச் சட்டம் இன்னும் இங்கே நடைமுறையில் இருக்கிறது. அனுமதியில்லாமல் வைத்திருந்தவன் நல்லவனா கெட்டவனா என்று அது கேட்பதில்லை. நீ அங்கே சட்டப்படி, ரசீதோடு, விளையாட்டாக வைத்திருக்கிறாய். சந்தோஷம்தான். ஆனால் துவக்கோடு நிற்கிற படத்தை பேஸ்புக்கில் போட்டால் இங்கே பார்க்கிறவர்களுக்கு ரசீது தெரியாது. தோட்டத்துப் பையன் துவக்கோடு நிற்கிறான் என்பது மட்டும்தான் தெரியும். யாராவது விசாரிக்க வந்தால் வாசலில் நின்று பதில் சொல்லப் போவது உன் அம்மா. எனக்கு அனுப்பு, எத்தனை வேண்டுமானாலும் அனுப்பு. ஊருக்குக் காட்டாதே. வீட்டிலும் பெட்டியைப் பூட்டி, தோட்டாவை வேறிடத்தில் வை.

பிடி முடிந்ததும் கரி ஒட்டிய உட்புறத்தையும் படமெடுத்து அனுப்பு, வெளிப்புறத்தைவிட எனக்கு அதுதான் முக்கியம். தைப்பொங்கலுக்கு வருவதாக எழுதியிருக்கிறாய். ரேஞ்சுக்குக் கொண்டுபோகிற பையில் உடுப்பை அடுக்கிக்கொண்டு வராதே, வேறு பை வாங்கு. கால்சட்டைப் பைகளையும் சப்பாத்துக்குள்ளும் தட்டிப் பார். ஒரு வெற்றுக் கோது கிடந்தாலும் கட்டுநாயக்க விமான நிலையத்தில் உன்னை நிறுத்தி வைப்பார்கள், உன் அம்மா வெளியே காத்திருப்பாள்.

இப்படிக்கு,
உன் மாமா