ஒளியிழை இணைப்பும் வீட்டு ரவுட்டரும்

"முந்நூறு மெகாபிட்டுக்குப் பணங் கட்டுகின்றோம்; அறைக்குள் முப்பது தானும் வருவதில்லை." ஒளியிழை இணைப்புப் பெற்ற இல்லங்களில் இம்முறைப்பாட்டை யாம் பலகாற் கேட்டிருக்கின்றோம். அதன்பின் நிகழ்வதும் பெரும்பாலும் ஒன்றே. வீட்டுக்காரர் கடைக்குச் சென்று, எட்டுக் கொம்புகள் நீட்டிக்கொண்டிருக்கும் பெரியதொரு ரவுட்டரை வாங்கி வருவர். சில வீடுகளில் அதனாற் குறை தீரும். பல வீடுகளிற் பணம் மாத்திரமே தீரும். எப்பெட்டியை வாங்குவது என்னும் வினாவுக்கு முன்னர், குறை எவ்விடத்தில் உள்ளது என்னும் வினாவுக்கு விடை காணல் வேண்டும். (ரவுட்டருக்கு வழிச்செலுத்தி என்றொரு தமிழ்ப்பெயர் உண்டு. கடையிற் கேட்டாற் பொருள் கைக்கு வரும் பெயரையே ஈண்டு ஆளுகின்றோம்.)

வீதியிலிருந்து வரும் இழையைப் பற்றி முதலிற் சிறிது கூறுவாம். பௌதிக வகுப்பிற் கண்ணாடிக் குற்றியும் குண்டூசிகளுங் கொண்டு ஒளிமுறிவு பயின்றவர்கள் முழுவுட்டெறிப்பை மறந்திரார். அவதிக் கோணத்தினும் பெரிய கோணத்திற் படும் ஒளி, கண்ணாடியை விட்டு வெளியேறாது உள்ளேயே தெறிக்கின்றது. இவ்வுண்மை பழையது. ஆயினும் கண்ணாடியிலுள்ள மாசு ஒளியை விழுங்கிவிட்டமையால் நெடுந்தூரச் செய்திக்கு அஃது உதவவில்லை. மாசு நீக்கிய இழை அப்பணிக்கு உதவும் என்பதைச் சார்ள்ஸ் காவோ, ஜோர்ஜ் ஹொக்கம் என்னும் இருவர் 1966 ஆம் ஆண்டில் இங்கிலாந்திலிருந்து வெளியிட்டனர். காவோவுக்கு 2009 ஆம் ஆண்டில் நோபல் பரிசு கிடைத்தது. இன்று வீட்டிணைப்புகளிற் பரவலாக வழங்கும் ஜீபொன் முறையில், ஓரிழை விநாடிக்கு ஏறத்தாழ 2,488 மெகாபிட்டை வீடுகளை நோக்கிக் கொணரும். 1,244 மெகாபிட்டை வீடுகளிலிருந்து கொண்டுசெல்லும். இதனை 32 அல்லது 64 இல்லங்கள் பகிர்ந்துகொள்வது வழக்கம். ஆதலின் எல்லாரும் படம் பார்க்கும் மாலை வேளையிற் சிறிது நெரிசல் உண்டாதல் கூடும். எனினும், பகல் முழுவதும் முந்நூறு முப்பதாகத் தேய்வதற்குக் காரணம் வீட்டுச் சுவருக்குள்ளேயே இருத்தல் பெரும்பான்மை.

இதனை அறிதற்கு எளிய சோதனை ஒன்றுண்டு. ஒரு மடிக்கணினியை ஈதர்நெட் கம்பியினால் நிறுவனத்தார் பொருத்திய பெட்டியுடன் நேரே இணைத்து வேகத்தை அளந்து பார்த்தல் வேண்டும். கம்பி வழியே முந்நூறு வருமாயின் நிறுவனத்தார் மீது பழியில்லை. குறை வானொலி அலையில் உள்ளது. கம்பியிலும் முப்பதே வருமாயின் புதிய ரவுட்டர் வாங்குதல் வீண். நிறுவனத்தாருக்கே முறையிடல் வேண்டும். மூன்றாவது விடையொன்றும் உண்டு. சரியாகத் தொண்ணூற்றுநான்கு அளவில் வேகம் நின்றுவிடுமாயின், எங்கோ ஓரிடத்தில் 100 மெகாபிட் வாயில் ஒன்று குறுக்கே நிற்கின்றது என்பது ஒருதலை. நூறு மெகாபிட் ஈதர்நெட், தலைப்புச் செய்திகளுக்குரிய இடம் போக, ஏறத்தாழ 94 ஐயே தரவல்லது. சிலவேளை வாயில் குற்றமற்றதாயும் கம்பி குற்றமுள்ளதாயும் இருக்கும். நூறு மெகாபிட்டுக்கு இரண்டு சோடிக் கம்பிகள் போதும். ஆயிரத்துக்கு நான்கு சோடியும் வேண்டும். எலி ஒரு சோடியைக் கடித்துவிட்டால், இணைப்பு அறுந்துபோகாது. ஓசையின்றி நூறுக்கு இறங்கிவிடும்.

இத்தொண்ணூற்றுநான்கை யாம் பணங் கொடுத்தே கற்றோம். 1200 என்று பெரிய எழுத்தில் அச்சிட்ட பெட்டியொன்றைக் கண்டு, முந்நூறுக்கு இது நான்கு மடங்கன்றோ என்று மகிழ்ந்து வாங்கினோம். வீட்டில் எத்துணை முயன்றும் 94 ஐக் கடக்கவில்லை. பின்னரே அட்டையின் பின்புறத்துச் சிற்றெழுத்தைப் படித்தோம். கம்பி வாயில்கள் யாவும் 100 மெகாபிட் வகையின. 1200 என்பதோ, 2.4 கிகாஹேர்ட்ஸ் மீடிறனுக்குரிய 300 ஐயும் 5 கிகாஹேர்ட்ஸ் மீடிறனுக்குரிய 867 ஐயும் கூட்டி, மேலும் சிறிது உயர்த்தி எழுதிய தொகை. எந்தவொரு கைத்தொலைபேசியும் அவ்விரண்டையும் ஒருங்கே கூட்டிப் பெறுவதில்லை. காற்றிற் கிடைப்பதும் எழுதிய எண்ணிற் பாதி முதல் மூன்றில் இரண்டு பங்கு வரையே. கடைக்காரர் பொய் கூறினாரல்லர். யாம் கேட்க வேண்டியதைக் கேட்டோமல்லோம். ஆதலின் அட்டையின் முகப்பை விடுத்து, வாயில்கள் ஒவ்வொன்றும் 1000 மெகாபிட் வகையினதா என்பதையே முதலில் நோக்குக.

இனி வானொலி அலை. 2.4 கிகாஹேர்ட்ஸ் அலையின் நீளம் ஏறத்தாழ 12½ சென்ரிமீற்றர். 5 கிகாஹேர்ட்ஸ் அலையினது அதிற் பாதிக்குங் குறைவு. முன்னையது சுவர்களை ஓரளவு ஊடுருவும். ஆனால் ஒன்றோடொன்று மோதாத வழிகள் அதில் மூன்றே. அயல் வீடுகள் எல்லாம் அம்மூன்றிலேயே கூடி நிற்கும். நுண்ணலை அடுப்பும் அங்கேயே இயங்கும். பின்னையது விசாலமானது, விரைவானது. எனினும் தடித்த சுவரைக் கண்டாற் சோர்ந்துவிடும். யாழ்ப்பாணத்துப் பழைய கல்வீடுகளின் சுண்ணாம்புக்கற் சுவர்களும், புதிய மாடிவீடுகளின் கம்பி வைத்த கொங்கிறீற்றுத் தட்டுகளும் அதற்குப் பெரும் பகை. இந்நிலையில் நிறுவனத்தார் பெட்டியைப் பொருத்துவது எங்கே? கம்பி உள்ளே நுழையும் முன்விறாந்தையில். அலையிற் பாதி வீதிக்குச் செல்கின்றது. வீதியிற் படுத்திருக்கும் மாடு நல்ல வேகம் பெறும். பின்னறையிற் படிக்கும் பிள்ளை பெறாது.

எனவே, புதிய ரவுட்டருக்கு முன் இருபது மீற்றர் ஈதர்நெட் கம்பி வாங்குதல் எமது துணிபின்படி சிறந்த செலவாகும். அக்கம்பி நூறு மீற்றர் வரை குறைவின்றிச் செல்லும். ஒளிப்பெட்டி விறாந்தையிலேயே இருக்கட்டும். கண்ணாடியிழையைக் கூரிய மூலைகளில் மடித்து உள்ளே இழுத்தல் தகாது. கம்பி மாத்திரம் வீட்டின் நடுவுக்குச் சென்று, அங்கே ரவுட்டர் உயரத்தில் இருத்தல் வேண்டும். அலுமாரிக்குள் வைத்து அழகு பார்ப்பதும் தண்ணீர்த் தாங்கிக்குப் பக்கத்தில் வைப்பதும் வேண்டா. ஒரு பெட்டி போதாத பெரிய வீட்டுக்கு இரண்டு பெட்டிகள் வைக்கலாம். அவ்விரண்டையுங் கம்பியால் இணைப்பதே நன்று. கம்பியின்றிக் கேட்டதைத் திருப்பிச் சொல்லும் மலிவான பெருக்கிகள், கேட்பதற்கும் சொல்வதற்கும் ஒரே அலையைப் பயன்படுத்துவதால், வேகத்தைப் பாதியாக்கிவிடும்.

வைஃபையின் தலைமுறை எண் குறித்துச் சுருங்கக் கூறுவாம். ஐந்தாந் தலைமுறை 2013 இலும், ஆறாவது 2019 இலும், ஏழாவது 2024 இலும் வெளிவந்தன. ஐந்நூறு மெகாபிட்டுக்குட்பட்ட இணைப்புக்கு ஆறாந் தலைமுறைப் பெட்டி தாராளம். வீட்டிலுள்ள தொலைபேசிகள் ஐந்தை மாத்திரமே அறிந்திருக்க, ரவுட்டர் ஏழை அறிந்து ஆவதொன்றில்லை.

விளம்பரங்கள் பேசாத குணமொன்று உண்டு. எமக்கு அதுவே தலையாயது. வேகச் சோதனை முந்நூறு காட்டும் வீட்டிலும், மகள் இணையவழிப் பாடங் கேட்கும்போது ஆசிரியர் குரல் அறுந்து அறுந்து வருவதுண்டு. வெளிநாட்டிலுள்ள பேரனுடன் பேசும் பாட்டிக்குப் படம் உறைந்துபோவதுண்டு. விசாரித்தால், அதே வேளையில் அடுத்த அறையில் ஒருவர் கலியாண வீட்டு ஒளிப்பதிவை மேலேற்றிக்கொண்டிருப்பார். தபாற்கந்தோரில் ஒரேயொரு சாளரம் இருக்க, நூறு பொதிகளுடன் ஒருவர் முன்னே நின்றால், ஒரு தபாலட்டையுடன் வந்தவர் அந்நூறும் முடியும்வரை காத்திருத்தல் வேண்டும். ரவுட்டருக்குள்ளும் இத்தகைய வரிசை உண்டு. நினைவகம் மலிந்தமையால் வரிசை நீண்டது; நீண்டமையால் காத்திருப்பும் நீண்டது. 2012 ஆம் ஆண்டில் கத்லீன் நிக்கல்ஸ், வான் ஜேக்கப்சன் என்னும் அறிஞர் இருவர் கோடெல் என்னும் முறையை வெளியிட்டனர். ஒவ்வொரு செய்திப்பொதியும் வரிசையில் எவ்வளவு நேரம் நின்றது என்பதை அளந்து, வரிசை தேங்கி நிற்குமாயின் சிலவற்றை விலக்கி, அனுப்புவோரை மெதுவாக்குவது அம்முறை. பின்னர் அதனோடு ஒவ்வொருவருக்கும் தனி வரிசை வகுத்து முறைவைத்து அனுப்பும் ஒழுங்குஞ் சேர்ந்தது. தபாலட்டைக்காரர் இனிக் காத்திரார்.

கடையில் இதனை எஸ்.கியூ.எம். என்னும் பெயராற் கேட்டறியலாம். வேகத்தின் மேலெல்லையை இணைப்பின் உண்மையளவிலும் சிறிது குறைத்து, நூறுக்குத் தொண்ணூறு அல்லது தொண்ணூற்றைந்து பங்காக அமைத்தல் வேண்டும். அப்பொழுதே வரிசை எம் பெட்டியில் எம் கட்டுப்பாட்டுக்குள் நிற்கும். வேகத்தில் ஒரு பகுதியை இழந்து பேச்சின் தெளிவைப் பெறுகின்றோம். பாடங் கேட்கும் பிள்ளையுள்ள வீட்டுக்கு இது நட்டமன்று. இவ்வேலைக்கு ரவுட்டரின் மூளை நன்கு உழைத்தல் வேண்டும் என்பதால் மிக மலிந்த பெட்டிகள் சில நூறு மெகாபிட்டில் இளைத்துவிடும். கொம்புகளுக்குக் கொடுக்கும் பணத்தை மூளைக்குக் கொடுப்பது தக்கது.

வாங்குமுன் இன்னொன்றையுங் கேட்டறிதல் வேண்டும்: எந்த ஆண்டு வரை இப்பெட்டிக்குப் பாதுகாப்பு மென்பொருள் தரப்படும்? 2018 ஆம் ஆண்டில் வீ.பீ.என். பில்டர் என்னும் தீயநிரல் 54 நாடுகளில் ஐந்து இலட்சத்துக்குக் குறையாத ரவுட்டர்களையும் ஒத்த கருவிகளையும் பற்றியது. பிரித்தானியாவில் 2024 ஏப்ரில் முதல், இத்தகைய கருவிகளை விற்போர் அக்காலவெல்லையை வெளியிடல் வேண்டும் என்பது சட்டம். எல்லாப் பெட்டிக்கும் பொதுவான எளிய கடவுச்சொல்லும் அங்கே தடை. நம் கடைகளில் நாமே கேட்டல் வேண்டும். விடை கூற இயலாத பெட்டி எத்துணை மலிவாயினும் விலையுயர்ந்ததே. நிறுவனத்தாரிடமும் ஒரு வினா: அவர்தம் பெட்டியைப் பாலமாக மாற்றித் தருவரா? இன்றேல் இரு ரவுட்டர்கள் ஒன்றன்பின் ஒன்றாய் முகவரி மாற்றும் வேலையைச் செய்யும். செய்தி படிப்பதற்கு அதனால் இடையூறில்லை, வெளியூரிலிருந்து வீட்டுக் கமராவைப் பார்க்க முயல்வோர் அல்லற்படுவர். தொலைபேசியும் தொலைக்காட்சியும் அப்பெட்டி வழியே வருமாயின் அதனை அகற்றாது, புதியதை வைஃபை தருவதற்கு மாத்திரம் அமைத்தலே வசதி.

எஞ்சியது மின்சாரம். பழைய செப்புக்கம்பித் தொலைபேசிக்கு மின் நிலையத்திலிருந்தே வந்தது. ஊர் இருண்டபோதும் அது மணியடித்தது. கண்ணாடியிழை மின்னைக் கொணராது. 2022 மார்ச்சு இறுதியில் நாளொன்றுக்குப் பதின்மூன்று மணி நேரம் மின் நின்ற நாட்களை மறந்தவர் இலர். அக்காலத்தில், ரவுட்டருக்கு மாத்திரம் சிறிய மின்கலப் பெட்டி வைத்துவிட்டு, ஒளிப்பெட்டியை மறந்து ஏமாந்தவர் உளர். இரண்டுக்கும் மின் வேண்டும். ஒவ்வொன்றின் அடியிலும் எழுதியிருக்கும் வோல்ற்று, அம்பியர் எண்களைக் குறித்துக்கொண்டு செல்க. பன்னிரண்டு வோல்ற்றுப் பெட்டிகளே மிகுதியாயினும் ஒன்பது வோல்ற்றுப் பெட்டிகளும் உள. இரண்டினதும் செருகி ஒரே அளவினதாய் இருத்தல் கூடும்.