வால்வு குறுந்தட்டுக் கருவி: எப்படி மதிப்பிடுவது?

மாணவர்களே, வால்வு பொருத்திய குறுந்தட்டுக் கருவியில் இசை இனிமையாக ஒலிக்கும் என்பர் சிலர். உண்மையா?

குறுந்தட்டில் ஒலி, விநாடிக்கு 44,100 மாதிரிகள் வீதம் எண்களாகப் பதிவாகியுள்ளது. லேசர் அவற்றைப் படிக்கிறது. மின்சுற்று அவற்றை மின்னலையாக மாற்றுகிறது. பெரும்பாலும் அதன் பிறகே வால்வு வேலை செய்கிறது. அங்கே அலைவடிவம் சற்றே மாறலாம். அந்த மாற்றமே சிலருக்கு இனிக்கிறது.

சோதிக்கும்போது கருவியே தற்சார்பு மாறி. பாடல், ஒலிபெருக்கி, ஒலியளவு ஆகியவை கட்டுப்படுத்தப்பட்ட மாறிகள். ஒலியளவு சிறிது கூடினாலே காது அதைச் சிறந்ததென நம்பிவிடும். எந்தக் கருவி ஒலிக்கிறது என்பது கேட்பவருக்குத் தெரியக்கூடாது.

பெட்டியின் கனத்தை மட்டும் பார்க்காதீர்கள். வெப்பம் வெளியேறத் துளைகள் உள்ளனவா? மெதுவாகத் தட்டினால் ஒலிபெருக்கியில் ‘டிங்’ எனக் கேட்கிறதா? மூடியை மட்டும் திறக்காதீர்கள். மின்சாரத்தைத் துண்டித்த பிறகும் மின்தேக்கியில் ஆபத்தான மின்னழுத்தம் தங்கியிருக்கலாம்.