நாலடிப்புப் பெற்றோல் எஞ்சின்: தொடங்க மறுக்கும் மோட்டார் சைக்கிளில் குறை காணல்

இந்தப் பகுதியில் வினா வந்தால் மாணவர் பலர் ஒரு பட்டியலை எழுதிவிட்டு அடுத்த வினாவுக்குச் சென்றுவிடுவர்: பெற்றோல் இல்லை, பிளக் பழுது, பற்றரி பழுது, காபுரேற்றர் அடைப்பு. இவற்றில் எதுவும் பிழையல்ல. ஆனால் “குறையை எவ்வாறு கண்டறிவீர்?” என்று கேட்டால் பட்டியல் விடையாகாது. எந்தச் சோதனையை முதலில் செய்வீர், அதன் பெறுபேறு எதை நீக்குகிறது, அடுத்து எங்கே செல்வீர் என்பதையே எழுத வேண்டும். கராஜிலும் இதே கதைதான். ஒழுங்கின்றித் தேடுபவர் நல்ல பிளக்கையும் நல்ல கொயிலையும் மாற்றிப் பணத்தைச் செலவழித்த பின்னரே அடைபட்ட பெற்றோல் குழாயைக் காண்பார்.

எஞ்சின் தொடங்குவதற்கு மூன்று விடயங்கள் தேவை. சரியான அளவில் கலந்த எரிபொருள், வளிக் கலவை உருளைக்குள் வர வேண்டும். அக்கலவை போதியளவு அமுக்கப்பட வேண்டும். அமுக்கல் அடிப்பு முடியும் தறுவாயில் வலுவான தீப்பொறி தோன்ற வேண்டும். கிக்கரை ஒரு முறை உதைத்தால் எஞ்சின் சில சுற்றுகளே சுழலும். மின் தொடக்கி போல அது தொடர்ந்து சுழற்றாது. ஆகவே இம்மூன்றில் ஒன்று சிறிது குறைந்தாலும் உதைத்துத் தொடக்கும் வண்டி உடனே மறுப்புக் காட்டும்.

எதையும் கழற்றுவதற்கு முன் கண்ணால் பார்க்கக்கூடியவற்றைப் பார்க்குக. ராங்கியை அசைத்துப் பெற்றோல் உண்டா எனக் கேட்கலாம். பெற்றோல் திறப்பு மூடியிருக்கிறதா? கைபிடியிலுள்ள எஞ்சின் நிறுத்தும் சுவிட்ச் இருந்தால் அது எந்த நிலையில் உள்ளது? எளிது என்பதால் இதை விடையில் விட்டுவிட வேண்டாம். முதலாம் படி இதுவே.

குளிர்ந்த எஞ்சினாயின் சோக்கை இழுக்க வேண்டும். காரணத்தை விளங்கிக்கொள்க. எரிவது திரவப் பெற்றோல் அன்று, அதன் ஆவியே. குளிர்ந்த உருளையில் பெற்றோல் குறைவாகவே ஆவியாகும். சோக் வளியைக் குறைத்துக் கலவையைச் செறிவாக்குவதால் எரிவதற்குப் போதிய ஆவி கிடைக்கிறது. 1990களில் பொருளாதாரத் தடையினால் யாழ்ப்பாணக் குடாநாட்டில் பெற்றோல் அரிதாக இருந்தபோது வண்டிகள் மண்ணெண்ணெயில் ஓடின. ஆனால் தொடக்குவதற்கு மட்டும் சில துளி பெற்றோல் காபுரேற்றருக்குள் விடப்பட்டது. உங்கள் வீட்டுப் பெரியவர்களைக் கேட்டால் சொல்வார்கள். மண்ணெண்ணெயின் தீப்பற்று நிலை ஏறத்தாழ 38 பாகை செல்சியசிலும் கூடியது. பெற்றோலினதோ பூச்சியத்திற்கு மிகக் கீழே. எஞ்சின் சூடேறிய பின்னரே மண்ணெண்ணெய் எரிவதற்குப் போதியளவு ஆவியாகும். ஆவியாதல் பற்றி இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

சோக்கை இழுத்துப் பத்துத் தடவை உதைத்தும் பயனில்லை எனில், தீப்பொறிச் செருகியை, அதாவது பிளக்கை, கழற்றி அதன் முனையைப் பார்க்குக. இப்பாடத்தின் உயிர் இந்தச் சோதனைதான். முனை உலர்ந்திருந்தால் பெற்றோல் உருளைக்கு வரவில்லை. முனை ஈரமாக இருந்தால் பெற்றோல் வந்துள்ளது, ஆனால் எரியவில்லை. ஒரே சோதனையால் தேட வேண்டிய இடம் பாதியாகக் குறைந்துவிட்டது.

உலர்ந்திருந்தால் பெற்றோல் வரும் வழியே செல்க. காபுரேற்றர் முனையில் குழாயைக் கழற்றித் திறப்பைத் திறந்தால் பெற்றோல் தாராளமாக ஓட வேண்டும். ஓடாவிடின் திறப்பிலோ வடியிலோ அடைப்பு. ராங்கி மூடியின் காற்றுத் துவாரம் அடைபட்டாலும் ஓட்டம் நின்றுவிடும். மூடியைத் திறந்ததும் பெற்றோல் ஓடத் தொடங்கினால் குறை அங்கேதான். குழாய்வரை பெற்றோல் வந்தால் காபுரேற்றரின் மிதவை அறையும் ஜெற் துளையும் சந்தேகத்திற்குரியவை. 2022 எரிபொருள் தட்டுப்பாட்டின்போது போலப் பல வாரங்கள் நிறுத்தி வைக்கப்படும் வண்டிகளில், பெற்றோல் ஆவியாகி எஞ்சிய பிசின் இத்துளையை அடைத்துவிடும்.

ஈரமாக இருந்தால் தீப்பொறியைச் சோதிக்க. பிளக்கைத் துடைத்து அதன் தொப்பியில் மீண்டும் பொருத்தி, உலோக உடலை எஞ்சினின் வெறும் உலோகத்தில் படவைத்து, சாவியைத் திறந்து உதைக்க வேண்டும். கை இறப்பர்த் தொப்பியில் மட்டுமே இருக்கட்டும். பிளக் துவாரத்தினூடாகப் பெற்றோல் ஆவி வெளிவரும். ஆகவே தீப்பொறி அத்துவாரத்திற்கு அருகில் தோன்றக்கூடாது. சிந்திய பெற்றோல் இருந்தால் துடைத்து உலரும்வரை பொறுக்க. இவ்வெச்சரிக்கைகளை விடையிலும் எழுதுக.

நீல நிறமான வலுவான பொறி நன்று. மங்கலான மஞ்சட் பொறியோ, பொறியே இல்லையோ எனின், நல்லதென்று தெரிந்த வேறொரு பிளக்கைப் போட்டுப் பார்க்குக. அப்போதும் அப்படியே எனில் தொப்பி, வயர், சுவிட்ச், எரிபற்றற் சுருள் என்ற ஒழுங்கில் செல்க. எரிபற்றலுக்கான மின்னைப் பற்றரியிலிருந்து பெறும் வண்டியில் பற்றரி இறங்கினால் பொறி மங்கும். மக்னீற்றோவிலிருந்து பெறும் வண்டி பற்றரி இறங்கியிருந்தாலும் உதையில் தொடங்கும். எனவே “பற்றரி பழுது” என்பது எல்லா வண்டிக்கும் பொருந்தும் விடையன்று.

பொறி நன்றாக இருந்தும் பிளக் மிகவும் நனைந்திருந்தால், உருளையில் பெற்றோல் மிகுந்துவிட்டது. பெற்றோல் திறப்பை மூடி, சோக்கை நீக்கி, உலர்த்திய பிளக்கைப் பூட்டி, அக்சிலேற்றரை முழுவதும் திருகியபடி சில தடவை உதைத்தால் மேலதிகப் பெற்றோல் வெளியேறும்.

இனி அமுக்கம். கிக்கர் எவ்விதத் தடையுமின்றிக் கீழே இறங்கினால் அமுக்கம் இல்லை என ஐயுறலாம். பிளக் துவாரத்தின் வழியே ஒரு தேக்கரண்டி எஞ்சின் ஒயில் விட்டு, பிளக்கைப் பூட்டி மீண்டும் உதைக்க. தடை கூடினால் முசல வளையங்கள் தேய்ந்துள்ளன. ஒயில் அந்த இடைவெளியைத் தற்காலிகமாக அடைத்தது. கூடாவிடின் வால்வுகளையோ உருளைத் தலையின் கஸ்கற்றையோ பார்க்க வேண்டும்.

பயிற்சி வினா

கடும் மழையில் வெளியே நின்ற நாலடிப்பு மோட்டார் சைக்கிள் ஒன்று மறுநாட் காலை தொடங்கவில்லை. பிளக்கின் முனை ஈரமாக இருந்தது. அதைத் துடைத்துச் சோதித்தபோது நல்ல நீலப் பொறி கிடைத்தது. கிக்கரிலும் வழமையான தடை உணரப்பட்டது.

(அ) இந்த அவதானங்களால் நீக்கப்படும் குறைகள் இரண்டைக் காரணத்துடன் தருக.
(ஆ) பிளக்கிலிருந்த ஈரம் பெற்றோலா நீரா என எவ்வாறு அறிவீர்?
(இ) பெற்றோலில் நீர் கலந்தால் அது மிதவை அறையின் அடியில் தேங்குவது ஏன்? அதை அகற்றும் முறையை எழுதுக.