பிறர் வளர்க்கும் உயிர்க்கு உணவிடல்

வாயில்லா உயிர்க்கு உணவளித்தல் அறம் என்பதில் ஐயமில்லை. ஆயினும், பிறர் வளர்க்கும் உயிர்க்கு அவரை உசாவாது உணவிடுதலும் அவ்வறத்துள் அடங்குமோ என்பதே ஈண்டு யாம் ஆராயப் புகுந்த பொருள்.

திருப்பூரை அடுத்த எமது சிற்றூரில், சில ஆண்டுகட்கு முன் எம் இல்லத்தில் ஒரு திருமணம் நிகழ்ந்தது. மிஞ்சிய சோற்றைக் குப்பையிற் கொட்ட மனம் பொறாது, அயல்வீட்டு அம்மையாரின் கறவைப் பசுவிற்கு இரண்டு வாளி நிறைய வைத்தோம். அஃது ஆவலுடன் உண்டது கண்டு மகிழ்ந்தோம். மறுநாட் காலை அப்பசு எழவில்லை, அசைபோடவில்லை, இடப்புற வயிறு பருத்துப் பல்லை நறநறவெனக் கடித்தது. என்ன தின்றது எனக் கால்நடை மருத்துவர் வினவ, அம்மையார் விடையறியாது திகைத்தார். யாமோ வேலியோரம் நின்று, அச்சத்தாற் சிறிது நேரம் வாய் திறந்திலேம். பின்னரே உண்மையை உரைத்தோம். பசு பிழைத்தது, பால் மட்டும் வெகுவாய்க் குறைந்துபோயிற்று. பனியன் கம்பெனி வேலைக்குச் செல்ல இயலாத முதுமையில் அப்பாலையே நம்பியிருந்த அம்மையார் எம்மைக் கடிந்திலர். "கண்ணு, எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே" என்று மட்டும் கூறினார்.

இந்நோயின் காரணம் யாதெனின்: பசுவின் இரைப்பை நான்கு அறைகளை உடையது. அவற்றுட் பெரிய முதலறையில் வாழும் நுண்ணுயிர்கள் புல்லையும் வைக்கோலையும் மெல்லப் புளிக்கச்செய்து செரிப்பிக்கும். பழக்கமில்லாத சோறு மிகுதியாய்ப் புகின், அதன் மாச்சத்து விரைந்து புளித்து லாக்டிக் அமிலமாகும். அமிலம் பெருகவே நன்மை செய்யும் நுண்ணுயிர்கள் மடியும்; உடலின் நீர் வயிற்றை நோக்கி இழுக்கப்படும்; ஓரிரு நாளில் உயிரும் பிரியலாம். 2024ஆம் ஆண்டு சூன் திங்களில், கேரளத்துக் கொல்லம் மாவட்டப் பண்ணையொன்றில், தீவனத்துடன் பரோட்டாவும் பலாப்பழமும் மிகுதியாய் உண்டு ஐந்து பசுக்கள் மாண்டன. சொந்தப் பண்ணையிலேயே இவ்வாறு நேருமாயின், அயலார் கை எத்துணை அஞ்சற்பாலது!

எம் பக்கத்துக் குடியானவர்க்குத் தீனியின் அளவறிதல் புதிதன்று. காங்கேயம், தாராபுரம் வட்டாரத்துக் கொறங்காடுகளில், முள்ளுக்கிளுவை வேலிக்குள், கொழுக்கட்டைப் புல்லும் வெள்வேலங்காயும் மேய்ந்தே காங்கேய மாடுகள் வளர்கின்றன. எந்தக் காட்டில், எத்தனை மாடு, எத்தனை நாள் என்பதை உடையவர் அறிவார், வழிப்போக்கர் அறியார்.

வீட்டு நாய்க்கும் இஃதொக்கும். பிரியாணியில் உள்ள வெங்காயம் அதன் செங்குருதி அணுக்களைச் சிதைக்கும், பாயசத்தில் உள்ள உலர்திராட்சை சிறுநீரகத்தைக் கெடுக்கவல்லது, சாக்லேட்டும் நஞ்சாம். அன்றியும், அந்நாய் மருந்துண்பதோ, அறுவைச் சிகிச்சைக்காகப் பட்டினி கிடப்பதோ நமக்கு எங்ஙனம் தெரியும்?

ஆதலின், மாணவ நண்பர்களே, மாட்டுப் பொங்கலன்று அயலார் பசுவிற்குப் பொங்கலிட விரும்பின், முதலில் உடையவரைக் கேளுங்கள். அவர் இசைந்தால் கையளவே இடுங்கள். மிச்சத்தைப் பிளாஸ்டிக் பையிற் கட்டித் தெருவில் எறியாதீர்கள். மாடு பையோடு விழுங்கும். அறியாது இட்டுவிட்டீர்களாயின், எதனை, எவ்வளவு, எப்பொழுது என்பதை மறையாது உடனே உடையவரிடம் கூறுங்கள். தமிழ்நாட்டில் 1962 என்னும் எண்ணை அழைப்பின் கால்நடை மருத்துவ ஊர்தி வரும். வேலியோரம் வாய்மூடி நின்ற அச்சிறு நேரத்தை எண்ணி யாம் இன்றும் நாணுகின்றோம்.