படிக்க வைத்த கம்பெனி பணத்தைத் திருப்பிக் கேட்டால்?

வேலை பார்த்துக்கொண்டே டிப்ளமோ படிக்கலாம், ஃபீஸை கம்பெனியே கட்டிவிடும். இப்படி ஒரு வாய்ப்பு வந்தால் யார்தான் வேண்டாம் என்பார்கள்? அந்தச் சந்தோஷத்தில், காட்டிய இடத்தில் எல்லாம் கையெழுத்துப் போட்டுவிடுகிறோம். அதில் என்ன எழுதியிருந்தது என்பது வேலையை விடும்போதுதான் தெரிய வருகிறது.

ஓர் உதாரணம் பார்ப்போம். கற்பனைதான், ஆனால் நம் பக்கத்தில் யாருக்கும் நடக்கக்கூடியது. கல்வராயன் மலை வெள்ளிமலையில் பிளஸ் டூ முடித்த ஒரு தங்கை, ஓசூரில் ஒரு தொழிற்சாலையில் சேர்கிறார். டிப்ளமோ படிப்புக்கு நிறுவனம் 90,000 ரூபாய் கட்டுகிறது. படிப்பு முடிந்து 3 ஆண்டுகள் அங்கேயே வேலை செய்ய வேண்டும், இல்லாவிட்டால் 3 லட்சம் ரூபாய் தர வேண்டும் என்று பாண்ட். 2 ஆண்டுகள் கழித்து அம்மாவுக்கு உடம்பு முடியாமல் போகிறது. கள்ளக்குறிச்சியிலேயே ஒரு வேலையும் கிடைக்கிறது. ராஜினாமா கொடுத்தால், "3 லட்சத்தைக் கட்டு. இல்லேன்னா சர்டிபிகேட் கிடையாது, வீட்டுக்கு போலீஸ் வரும்" என்கிறார்கள். வீட்டில் நிலத்தை அடகு வைக்கலாமா என்று பேச்சு ஆரம்பிக்கிறது.

கொஞ்சம் பொறுங்க. அடகுக் கடைக்குப் போகும் முன் சட்டம் என்ன சொல்கிறது என்று பார்த்துவிடலாம்.

பாண்ட் செல்லுமா?

செல்லும். "பாண்ட் எல்லாம் சும்மா பேப்பர்" என்று நண்பர்கள் சொல்வதை நம்ப வேண்டாம். விஜயா வங்கி வழக்கில் 2025 மே 14 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பு வழங்கியது. 3 ஆண்டுகளுக்குள் விலகினால் 2 லட்சம் ரூபாய் தர வேண்டும் என்று கையெழுத்திட்ட அதிகாரி ஒருவர், 2 ஆண்டு முடியும் முன்பே வேறு வங்கிக்குப் போனார். அந்த நிபந்தனை சட்டவிரோதம் அல்ல என்று நீதிமன்றம் கூறியது. ஆனால் அவர் நல்ல சம்பளம் வாங்கும் மேல்நிலை அதிகாரி, அவருக்கு அந்தத் தொகை ராஜினாமாவே செய்ய முடியாத அளவுக்குப் பெரியதல்ல என்பதையும் கணக்கில் எடுத்துக்கொண்டது. ஒரு தொழிலாளிக்கு 3 லட்சம் என்பது வேறு கணக்கு.

எவ்வளவு கேட்கலாம்?

1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம், 74-வது பிரிவு இங்கே முக்கியம். ஒப்பந்தத்தில் எழுதியிருக்கும் தொகை உச்சவரம்புதான். அதற்குள் நியாயமான இழப்பீடு எவ்வளவோ, அதுதான் கிடைக்கும். 3 லட்சம் என்று எழுதியிருப்பதாலேயே 3 லட்சமும் தந்தாக வேண்டும் என்று இல்லை.

நம் தங்கையின் கணக்கைப் போடுவோம். நிறுவனம் செலவு செய்தது 90,000. 3 ஆண்டில் 2 ஆண்டு வேலை செய்துவிட்டார். மீதி மூன்றில் ஒரு பங்கு, அதாவது 30,000 ரூபாய். நீதிமன்றம் இதே தொகையைத்தான் சொல்லும் என்று உறுதி இல்லை. ஆனால் பேச உட்காரும்போது இது நியாயமான தொடக்கம்.

எதைச் செய்ய முடியாது?

பாண்ட் என்பது பணம் பற்றிய விவகாரம். உங்களைப் பிடித்து வைக்கும் உரிமையை அது யாருக்கும் தரவில்லை. ஜாகிர்தார்கள் பிடியிலிருந்து கல்வராயன் மலை விடுபட்டது 1976-ல். கொத்தடிமை முறையை ஒழிக்கும் சட்டம் வந்ததும் அதே 1976-ல்தான். இன்னாரிடம்தான் வேலை செய்ய வேண்டும் என்று நீதிமன்றம்கூட உங்களைக் கட்டாயப்படுத்தாது.

• போலீஸ்: பாண்டை முறிப்பது மட்டுமே குற்றம் ஆகாது. பணம் வேண்டுமென்றால் நிறுவனம் உரிமையியல் நீதிமன்றத்துக்குத்தான் போக வேண்டும்.

• சான்றிதழ்: கல்விச் சான்றிதழ் அடகுப் பொருள் அல்ல. பாக்கிக்காகக் கல்லூரிகள் சான்றிதழைப் பிடித்து வைத்த வழக்குகளில் சென்னை உயர் நீதிமன்றம் இதைத் தெளிவாகச் சொல்லியிருக்கிறது.

• சம்பளம்: 2025 நவம்பர் 21 முதல் நடைமுறையில் உள்ள ஊதியச் சட்டத் தொகுப்பின்படி, ராஜினாமா செய்தவருக்குச் சேர வேண்டிய ஊதியத்தை 2 வேலை நாட்களுக்குள் தர வேண்டும். சட்டம் அனுமதிக்கும் இனங்களுக்கு மட்டுமே பிடித்தம் செய்யலாம். மொத்தப் பிடித்தம் ஊதியத்தில் பாதியைத் தாண்டக் கூடாது.

• பி.எஃப்.: அது உங்கள் பணம். பாண்ட் பாக்கிக்காக நிறுவனம் அதில் கை வைக்க முடியாது.

இப்போது என்ன செய்வது?

1. சொல்லாமல் கொள்ளாமல் நின்றுவிடாதீங்க. ராஜினாமாவை மின்னஞ்சலில் அனுப்புங்கள். நோட்டீஸ் காலத்தை முடிந்தவரை வேலை செய்து கழியுங்கள்.

2. பாண்ட் நகல், படிப்புக்குக் கட்டிய ரசீது, செலவு விவரம் ஆகியவற்றை எழுத்தில் கேளுங்கள். போனில் பேசியதையும் அன்றே மின்னஞ்சலில் எழுதி அனுப்புங்கள்.

3. உங்கள் கணக்கைப் போட்டு, மாதத் தவணையில் தருவதாக எழுதுங்கள். புதிய நிறுவனம் அந்தத் தொகையை ஏற்றுக்கொள்ளுமா என்றும் கேட்டுப் பாருங்கள்.

4. பணம் கட்டினால் வங்கி வழியாக மட்டும் கட்டுங்கள். பாக்கி எதுவும் இல்லை என்ற கடிதமும் ரிலீவிங் ஆர்டரும் கையில் வந்ததா என்று பாருங்கள்.

5. வக்கீல் நோட்டீஸோ நீதிமன்றச் சம்மனோ வந்தால் மூடி வைக்காதீங்க. பதில் சொல்லாமல் இருந்தால் உங்கள் தரப்பைக் கேட்காமலே தீர்ப்பு வந்துவிடலாம்.

உதவி எங்கே கிடைக்கும்?

உங்கள் செல்போனில் 15100-ஐ அழைத்தால் தேசிய சட்டப் பணிகள் ஆணைக் குழுவின் உதவி கிடைக்கும். பெண்கள், பட்டியல் இனத்தவர், பழங்குடியினர், தொழிற்சாலைத் தொழிலாளர்கள் ஆகியோருக்கு வருமான வரம்பு பார்க்காமல் இலவசமாக வழக்கறிஞர் கிடைப்பார். கல்வராயன் மலையின் மலையாளிப் பழங்குடி மக்களுக்கும் இந்த உரிமை உண்டு. அருகிலுள்ள நீதிமன்ற வளாகத்தில் சட்டப் பணிகள் குழுவிடம் நேரிலும் மனு தரலாம்.

சம்பளம் வரவில்லை என்றால், நீங்கள் வேலை பார்த்த ஊரின் தொழிலாளர் துறை அலுவலகத்தில் புகார் கொடுங்கள். எங்கே போவது என்று தெரியாவிட்டால் முதல்வரின் உதவி மையம் 1100-ஐ அழையுங்கள்.

10, 12-ஆம் வகுப்பு மதிப்பெண் பட்டியலை டிஜிலாக்கர் செயலியில் எடுத்துக்கொள்ளலாம். அசல் கைக்கு வரும் வரை புதிய வேலைக்கு அது கைகொடுக்கும்.

கையெழுத்துக்கு முன்

தொகை எவ்வளவு, எத்தனை ஆண்டு, அந்த ஆண்டுகள் எந்தத் தேதியில் தொடங்கும், வேலை செய்த காலத்துக்குத் தொகை குறையுமா, நிறுவனமே வேலையை விட்டு அனுப்பினால் என்ன ஆகும். இந்த 5 கேள்விக்கும் பதில் தாளில் இருக்கிறதா என்று பாருங்கள். ஒவ்வொரு பக்கத்தையும் செல்போனில் படம் எடுத்து வையுங்கள். அசல் சான்றிதழைச் சரிபார்க்கக் காட்டுங்கள், கொடுத்துவிட்டு வராதீங்க. தொகை எழுதாத காசோலையில் கையெழுத்துப் போடவே போடாதீங்க. காசோலை திரும்பினால் அது குற்ற வழக்காக மாறலாம்.

நம் தங்கைக்கு வருவோம். நிறுவனம் செலவு செய்து படிக்க வைத்தது உண்மை. அதில் நியாயமான பங்கைத் திருப்பித் தருவது முறை. 30,000 ரூபாயை மாதம் 3,000 வீதம் 10 தவணையில் தருகிறேன் என்று ஒரு மின்னஞ்சல் அனுப்பலாம். நிறுவனம் ஏற்காவிட்டால் 15100 இருக்கிறது. எப்படியானாலும் அதற்காக நிலத்தை அடகு வைக்க வேண்டியதில்லை, அம்மாவைப் பார்க்க ஊருக்கு வருவதையும் தள்ளிப்போட வேண்டியதில்லை.